எட்டாம் நம்பர் வலது கால்

கம்பெனியை நான் சரியாகத்தான் சொன்னேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இனி வரப்போவதில் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல வேறொன்றும் கிடையாது. கம்பெனி சரி, அளவு சரி, எந்தக் கால் என்பது சரி, அந்த சோல் யாருடைய நடையில் தேய்ந்தது என்பதுகூடச் சரி. மிதித்தவர் யார் என்பது ஒன்றுதான் தவறு.

கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் எங்கள் சர்ச் சிறியது. நாங்கள் அதைக் கோவில் என்றுதான் சொல்வோம். கல் கட்டடம், தகரக் கூரை, பக்கத்தில் தனியாக ஒரு மணிக்கூண்டு. கீழே காரட் தோட்டங்களில் மருந்தடிக்கிறவர்கள்கூட ஞாயிற்றுக்கிழமை அந்த மணியைக் கேட்டுத்தான் டீ குடிக்க உட்காருவார்கள். கோவிலுக்குள் செருப்போடு வரக்கூடாது என்பது வழக்கம். ஆனால் எங்கள் குளிருக்கும் எங்கள் வயதுக்கும் இரங்கி, பெரியவர்கள் மட்டும் ஷூவோடு வரலாம் என்று எந்தக் காலத்திலோ யாரோ விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சலுகைதான் என்னைக் கெடுத்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்குவதற்காகப் பீடத்தின் முன்னால் இருக்கும் மரக்கிராதியில் வரிசையாக முழங்காலிடுவோம். முழங்காலிட்டவரின் முகம் ஆண்டவரைப் பார்க்கும். அவருடைய சோல் சபையைப் பார்க்கும். என் முறை வரும்வரை நான்காவது பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பேன். என் பக்தியைப் பலர் மெச்சியிருக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் சோல்கள்.

நான் பூகோள வாத்தியார். முப்பது வருடம் பள்ளிக்கூட விடுதிக்கும் வார்டனாக இருந்தேன். சுவரேறிக் குதித்து சினிமாவுக்குப் போனவர்களை, மண்ணில் பதிந்த அச்சை வைத்தே மறுநாள் வகுப்பில் எழுப்பி நிறுத்துவேன். வலைப்பின்னல் என்றால் ஒரு கம்பெனி, மீன்முள் என்றால் இன்னொன்று, நடுவில் வட்டம் இருந்தால் பள்ளிக்கூடமே கொடுத்த கான்வாஸ். எனக்கு அவர்கள் வைத்த பெயர் 'சோல் வாத்தியார்'. காதில் விழாத மாதிரி இருப்பேன். உள்ளுக்குள் அதை ஒரு பட்டமாகத்தான் வைத்திருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு காவல் காக்கச் சுவர் இல்லை. ஆகவே வித்தையைக் கோவிலுக்குள் கொண்டுவந்தேன். சபைக் கமிட்டியின் செயலாளர் புது ஷூவின் விலைச்சீட்டைக் கிழிக்காமல் மூன்று திருவிருந்துகள் வந்தார். பாடகர் குழுவில் கணீரென்று பாடும் ஒருவரின் இரண்டு சோலும் இரண்டு கம்பெனி. இதையெல்லாம் ஆராதனை முடிந்ததும் வெளியே நின்று சொல்லிச் சிரிக்க எனக்கு ஒரு துணை இருந்தார். அவர்தான் டீமேக்கர்.

தேயிலைத் தொழிற்சாலையில் இலையை எவ்வளவு நேரம் வாட்டுவது, எந்தச் சூட்டில் உலர்த்துவது என்று முடிவு செய்கிறவரை டீமேக்கர் என்பார்கள். வேலையை விட்டுப் பதினாறு வருடமாகியும் அவருக்கு அதுதான் பெயர். என்னைவிட ஒரு வயது மூத்தவர், எழுபத்தாறு. அவர் வீடு என் வீட்டுக்கு மேல் வளைவில். என் மனைவி போன பிறகு பல நாள் என் மதியச் சாப்பாடு அந்த வீட்டிலிருந்துதான் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓய்வு பெற்ற மாதமே மணிக்கயிறு அவர் கைக்கு வந்தது. அதற்கு முன் எங்கள் மணி யாரோ சட்டியைத் தட்டுவதுபோல அடிக்கும். அவர் வந்த பிறகுதான் அது மணியாயிற்று. "இழுக்கறது பெருசில்லீங்க வாத்தியாரே. எப்ப உடறதுங்கறதுதான். இலையும் அப்படித்தான், ஒரு நிமிசம் தாண்டுனா கருகிப்போயிரும்" என்பார். காய்ச்சல் வந்த வாரம்கூடக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வந்து இழுத்தார். தோட்டம் போனது, தொழிற்சாலை போனது, பிள்ளைகள் வெளியூர் போனார்கள். ஞாயிறு ஒன்பது மணிக்கு அந்தக் கயிறு மட்டும் அவருடையதாக இருந்தது. செயலாளருக்கு அதிலும் கண். ஒரு ஒலிபெருக்கியை வைத்துப் பதிவு செய்த மணியைப் போட்டுவிட்டால் ஆளே தேவையில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். டீமேக்கர் இருக்கும்வரை அது நடக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

போன வருடம் கோவில் படிகளுக்குப் பக்கத்தில் சாய்தளம் போட முடிவாயிற்று. சக்கர நாற்காலி ஏற ஒரு சரிவான சிமென்ட் பாதை. டீமேக்கர் ஒருவர்தான் எதிர்த்தார்.

"வேண்டாமுங்க. பாதை போட்டீங்கன்னா, அதுல போறதுக்காகவே நாம எல்லாரும் நாக்காலில உக்கார ஆரம்பிச்சிருவோம்."

எல்லோரும் சிரித்தார்கள், பாதை போட்டார்கள். ஒரு சனிக்கிழமை மதியம் மேஸ்திரி சிமென்டை இழுத்து மட்டம் தட்டி, மழை தூறியதால் மேலே பிளாஸ்டிக் தாளை விரித்துவிட்டுப் போனார். தாள் காற்றுக்கு ஒதுங்கிவிட்டது. ஞாயிறு காலை பார்த்தால் சாய்தளத்தின் குறுக்கே இரண்டு காலடிகள். இடது பாதி, வலது முழுசு. வலது அச்சு அப்படி ஒரு அச்சு. விடுதி மண்ணில் முப்பது வருடம் தேடியும் எனக்கு அப்படி ஒன்று கிடைத்ததில்லை.

நான் போனபோது ஏற்கெனவே கூட்டம். "வாத்தியார் வந்துட்டாருங்க, வழி உடுங்க" என்று யாரோ சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு இருபது வயது குறைந்தது. கைத்தடியைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தேன். முன்பாதத்தில் ஒன்பது அலைக்கோடுகள். நடுவில் ஒரு நீள்வட்டம். அதற்குள் ஆங்கில எழுத்துகள் இடவலம் மாறிப் பதிந்திருந்தன. கண்ணாடியில் பார்ப்பதுபோல. போதகர் இளைஞர்; என் பேச்சைக் கேட்டு அவர் கைப்பேசியில் படம் எடுத்து அதை இடவலமாகத் திருப்பிக் காட்டினார். கடைசி மூன்று எழுத்து தெளிவாகத் தெரிந்தது. பெயரை எழுத மாட்டேன், கம்பெனி மேல் ஒரு பாவமும் இல்லை.

"எட்டாம் நம்பர். இது நம்ம பக்கத்துக் கடையில விக்கிற சரக்கு இல்லை. வெளிநாட்டுலேர்ந்து வந்தது" என்றேன்.

"ஆளு யாருங்க?" என்றார் செயலாளர்.

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். குதிகாலைப் பார்த்தேன். வலது குதியின் வெளி ஓரம் சரிவாகத் தேய்ந்திருந்தது. அந்தத் தேய்மானத்தை மாதாமாதம் நான்காவது பெஞ்சிலிருந்து பார்த்திருக்கிறேன். உலர்த்தும் எந்திரத்தின் முன் முப்பது வருடம் வலது காலில் சாய்ந்து நின்ற ஒரு மனிதரின் தேய்மானம் அது.

"ஆளை நான் சொல்ல மாட்டேன். ஆனா துபாயிலேர்ந்து வந்த இந்த மாதிரி ஜோடி இந்தச் சபையில ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

எல்லோரும் மெதுவாகத் தலையைத் திருப்பி மணிக்கூண்டைப் பார்த்தார்கள். உள்ளே டீமேக்கர் இரண்டாம் மணியை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் முடித்து, கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்து, நாற்பது பேர் தன்னையே பார்ப்பதைக் கண்டு, சட்டைப் பொத்தான் ஏதும் கழன்றிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை அவர் மணிக்கு எண்ணெய் விட வந்திருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். நானும்தான் வந்திருந்தேன், ஞாயிறு பாட்டு எண்களைப் பலகையில் மாட்டுவது என் வேலை. ஆனால் துப்பறிகிறவரை யாரும் சந்தேகப்படுவதில்லை. அவரும் தன்னைச் சந்தேகப்படுவதில்லை.

அடுத்த வாரம் ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. மேஸ்திரி, "இப்ப மேல பூசுனா ஒட்டாதுங்க, பேத்துட்டுத்தான் போடோணும்" என்று சொல்லிவிட்டிருந்தார். அதற்குக் காசு இல்லாமல் அச்சு அப்படியே கிடந்தது, ஆகவே எல்லோருக்கும் எரிச்சல். போதகர் தன்மையாகத்தான் ஆரம்பித்தார்.

"ஐயா, தெரியாம மிதிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சு போச்சுங்க."

"மிதிச்சாத்தானுங்க சொல்றதுக்கு."

"அப்ப அந்தத் துபாய் ஷூவக் கொண்டாங்க, வெச்சுப் பாத்துரலாம்" என்றார் செயலாளர்.

டீமேக்கர் பின்பெஞ்சைப் பார்த்தார். அங்கே அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். அந்த ஷூ, மகள் துபாயிலிருந்து வாங்கி வந்து தன் கையால் அப்பாவுக்குப் போட்டுவிட்டது.

"அது எங்கிட்ட இல்லீங்க."

"தைக்கக் குடுத்திருக்குதுங்க" என்று அந்த அம்மா பின்னாலிருந்து உதவினார்.

"அப்ப வாங்கிட்டு வரலாமுங்களே."

டீமேக்கர் மறுபடி பின்பெஞ்சைப் பார்த்தார். "வேண்டாம்னு போட்டுட்டனுங்க" என்றார் கடைசியில்.

"ஏனுங்க! புள்ள வாங்கியாந்ததப் போட்டுட்டீங்களா? தைக்கக் குடுத்திருக்கறன்னு மூணு மாசமா எங்கிட்டச் சொல்லீட்டு இருந்தீங்களே!"

"மேல்தோலு பூஞ்சை புடிச்சு வெடிச்சுப் போச்சு. சொன்னா நீ புள்ளைக்குப் போன் பண்ணுவே…"

"எங்க போட்டீங்க?" என்றார் செயலாளர்.

"குன்னூர்ல."

"எப்ப?"

"மழைக்கு முன்னாலயே போட்டுட்டனுங்க."

மூன்று மாதமாக அவர் வேறு ஷூவில் முழங்காலிட்டதை நானும் பார்த்திருந்தேன்; பழையதைத் தைத்து வாங்கியிருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். நான் சாட்சியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் நாக்கு சும்மா இருக்கவில்லை. "மழைக்கு முன்னால போட்ட ஷூ, மழைக்குப் பின்னால தானா கேத்திக்கு நடந்து வந்து கோவில் ஏறிருச்சுங்களா?" என்றேன்.

கோவிலே சிரித்தது. போதகரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். டீமேக்கர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இன்று எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நான் அப்படிப் பேசுவேன் என்று எதிர்பார்க்காத பார்வை அது.

"நம்புனா நம்புங்க" என்று எழுந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறு மணிக்கயிறு சுருட்டி ஆணியில் மாட்டப்பட்டிருந்தது. உண்மையைச் சொல்ல மனம் வரும்வரை மணியிலிருந்து கொஞ்சம் ஓய்வு, என்று போதகர் அதை முடிந்தவரை மென்மையாகச் சொல்லியிருந்தார். செயலாளர் இரண்டே வாரத்தில் ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து மணிக்கூண்டின் ஜன்னலில் வைத்துத் தன் கைப்பேசியோடு இணைத்தார். ஏதோ ஊரில் யாரோ அடித்த மணி எங்கள் பள்ளத்தாக்கில் ஒலித்தது. நல்ல மணிதான். ஆனால் கீழே காரட் தோட்டத்தில் யாரும் அதற்கு டீ குடிக்க உட்காரவில்லை. ஏதோ வண்டி ஐஸ் விற்க வருகிறது என்று நினைத்தார்கள்.

டீமேக்கர் கோவிலுக்கு வருவதை விடவில்லை. முன்வரிசையில் உட்காருகிறவர், இப்போது எனக்குப் பின்னால் ஆறாவது பெஞ்சில் உட்கார்ந்தார். ஆராதனை முடிந்தால் என்னோடு நிற்காமல் போய்விடுவார். மதியச் சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. அந்த அம்மா தூக்குப்பாத்திரத்தை என் வாசலில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போவார்.

எனக்கு அந்த நாட்களில் வலது முழங்காலில் ஒரு வலி. நடக்கும்போது வெளிப்பக்கமாகச் சாய்வதுபோல இருந்தது. வயது என்று நினைத்து மாத்திரை வாங்கினேன்.

மூன்றாவது மாதம், ஷூவின் பக்கத்தையல் விட்டதென்று குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கும் செருப்புத் தைக்கிறவரிடம் போனேன். அவர் அதை வாங்கி, இரும்புக் கட்டையில் கவிழ்த்து வைத்தார்.

"சோல் இன்னும் கல்லாட்டம் இருக்குதுங்க பாருங்க" என்றார்.

பார்த்தேன். ஒன்பது அலைக்கோடுகள். நடுவில் நீள்வட்டம். எழுத்துகள் இப்போது நேராகவே இருந்தன, திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. வலது குதியின் வெளி ஓரம் சரிவாகத் தேய்ந்திருந்தது. அலைகளின் இடுக்கில் வெள்ளையாகச் சிமென்ட்.

"இது… என் ஷூதானுங்களா?"

"மேல உங்குளுதுங்க. கீழதான் டீமேக்கர் ஐயாவோடது." அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார். "மழைக்கு முன்னால நீங்க கொண்டாந்தப்ப உங்க சோலு ரஸ்க்காட்டம் உதுந்துது. அவரு மேல்தோலு போன ஜோடிய இங்கயே போட்டுட்டுப் போனாரு. ரெண்டும் எட்டாம் நம்பரு. கழட்டி ஒட்டித் தைச்சுட்டன். நல்ல ரப்பரா போட்டிருக்கறன்னு அன்னைக்கே சொன்னனுங்களே."

சொன்னார்தான். யாருடைய ரப்பர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊர் ஈரத்தில் ஷூக்கள் நடந்து தேய்வதைவிடப் பெட்டிக்குள் இருந்தே சாவதுதான் அதிகம். ஒன்றுக்குச் சோல் போகும், ஒன்றுக்குத் தோல் போகும். இரண்டு பிணத்தைச் சேர்த்து ஒரு உயிர் கொடுப்பது இங்கே தைக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஊரில் இருக்கும் அத்தனை சோலையும் மனப்பாடம் செய்த நான், என் சோலை ஒரு முறைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை. பார்க்க முடியாத ஒரே இடத்தில் அது இருந்தது. கிராதியில் நான் முழங்காலிடும்போது சபை முழுக்கப் பார்க்கலாம், என்னைத் தவிர.

அந்தச் சனிக்கிழமை அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. கைநீளத்துக்கு அப்பால் தெரியாத மூடுபனி. படிப்பக்கம் போகாமல் குறுக்கே நடந்தேன். ஓரிடத்தில் கால் கொஞ்சம் அழுந்தியது. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் எங்கே வைத்தாலும் கால் அழுந்தும். ஈரப்புல்லில் தேய்த்துவிட்டு, வாசல் சாக்கில் துடைத்துவிட்டு, உள்ளே போய்ப் பாட்டு எண்களை மாட்டினேன்.

இனிமேல்தான் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது. இதுவரை நடந்தது முட்டாள்தனம். அதற்காக யாரும் என்னைப் பெரிதாகத் தண்டிக்க மாட்டார்கள்.

"இந்தச் சோல் வேண்டாம். கழட்டிப் புதுசாப் போட்டுக் குடுங்க" என்றேன்.

"ஏனுங்க? இன்னும் அஞ்சு வருசம் வருமுங்க இது!"

"வழுக்குது."

பொய் சொன்னேன். கழற்றிய இரண்டு சோலையும் நியூஸ் பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில், புதருக்குள் இரண்டையும் வீசினேன். விடுதியில் எத்தனை பேரைத் தடயத்தை மறைத்ததற்காக முட்டி போட வைத்திருப்பேன். மறுநாள் காலை கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டு நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. வலது சோலை என் வாசலில் கொண்டுவந்து போட்டிருந்தது. அதைத் திட்டினேன். இடதைத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மறுபடி பள்ளத்துக்கு ஓடியது. நல்ல வேளை, கிடைக்கவில்லை. வலதைப் பெட்டியில், கம்பளிக்கு அடியில் வைத்தேன்.

அடுத்த திருவிருந்தில் புது சோலோடு முழங்காலிட்டேன். அப்பத்தை மென்றுகொண்டே இருந்தேன். போதகர் ஒரு நிமிடம் நின்று, "தண்ணி வேணுங்களா ஐயா?" என்று மெல்லக் கேட்டார்.

மேலும் இரண்டு மாதம் சும்மா இருந்தேன். ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பயம் என்று சொல்லலாம். ஆனால் உண்மை அதைவிட அற்பமானது. 'சோல் வாத்தியார்' என்ற பெயர் போய்விடுமே என்றுதான். எழுபத்தைந்து வயதில் ஒரு மனிதன் காப்பாற்றி வைக்க விரும்பியது அதைத்தான்.

இடையில் ஒரு ஞாயிறு ஒலிபெருக்கி மணி நாலு தடவை அடித்தது, ஐந்தாவதுக்குப் பதில் செயலாளரின் மருமகள் குரல் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது: "மாமா, வர்றப்ப ரெண்டு பாக்கெட் தயிர் வாங்கியாந்துருங்க, மறந்துறாதீங்க!" அழைப்பைத் துண்டிக்கத் தெரியாமல் அவர் கைப்பேசியைக் குலுக்க, "பச்சப் பாக்கெட்டுங்க, மாமா!" என்றும் கேட்டது. அன்று சபையில் பாதிப் பேர் தயிர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தேன், ஆறாவது பெஞ்சில் சிரிப்பு இல்லை.

அந்த வாரம் சாப்பாடு கொண்டுவந்த அம்மா, முதல் முறையாக நின்று பேசினார்.

"வாத்தியாருங்க, உங்க சினேகிதரக் கொஞ்சம் வந்து பாருங்க. ஞாயித்துக்கெழமயானா ஒம்பது மணிக்கு ஊட்டுக்குப் பின்னால பொடக்காலில போய்த் துணி காயப்போடற கயித்தப் புடிச்சு இழுத்துட்டு நிக்கறாருங்க. என்னோட சீலையெல்லாம் மண்ணுல. சிரிக்கறதா அழுவறதான்னு தெரியலீங்க."

பாத்திரத்தைத் திறக்காமல் வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து சோலை எடுத்துப் பேப்பரில் சுற்றிக்கொண்டு மேல் வளைவுக்கு ஏறினேன்.

அவர் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தை அவர் மடியில் வைத்தேன். அவர் பிரித்தார். திருப்பினார். குதியின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"இன்னொண்ணு எங்கீங்க?"

"பள்ளத்துல."

"ம்."

"மிதிச்சது நான்தானுங்க. இது என் ஷூவுக்கு அடியில இருந்தது. அன்னைக்கு எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுமுங்க" என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எங்கிட்டருந்து கயித்த வாங்குன மறு மாசம், திருவிருந்துல நீங்க முட்டி போட்டீங்க. நான் பின்னால உக்காந்திருந்தன். பாத்தா என்ற சோலு. உங்க காலுக்கடில. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. ஊட்டுக்கு வந்து இவகிட்டச் சொல்லி ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சம். சோல் வாத்தியாரு தன்னோட சோலப் பாக்கறதுக்கு எத்தன மாசமாகும்னு எங்குளுக்குள்ள பந்தயம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே. கயிறு திரும்பக் கிடைச்சிருக்குமே."

"நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு இருந்தன். தெரிஞ்ச அன்னைக்கே ஓடி வருவீங்க, ரெண்டு பேரும் சேந்து சிரிக்கலாம்னு." சோலை மறுபடி பேப்பரில் சுற்றினார். "நாலாம் மாசம் முட்டி போட்டீங்க. பாத்தா புது சோலு. அன்னைக்குத்தான் சிரிப்பு போச்சுங்க."

அந்த அம்மா உள்ளேயிருந்து வந்து எனக்கு ஒரு டம்ளர் டீ வைத்துவிட்டுப் போனார். நான் குடித்தேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன்பே எல்லோரையும் சாய்தளத்துக்கு வரச் சொன்னேன். பேசவில்லை, பேசினால் வாத்தியார்தனம் வந்துவிடும். குனிந்து, அந்த வலது சோலை அச்சுக்குள் வைத்தேன். அது பெட்டிக்கு மூடி உட்காருவதுபோல உட்கார்ந்தது. பிறகு அது எங்கே இருந்தது, எப்படி வந்தது, அதை நான் என்ன செய்தேன் என்பதைச் சொன்னேன். நாய் கொண்டுவந்து போட்டதைச் சொன்னபோது சிரித்தார்கள். புது சோல் போட்டதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. கமிட்டியில் நான் கேட்ட அந்தக் கேள்வியை நானே மறுபடி சொல்லி, ஆமாம், மழைக்கு முன்னால் போட்ட ஷூ தானாகத்தான் நடந்து வந்தது, அதற்குள் கால் வைத்திருந்தது நான், என்றேன்.

போதகர் மணிக்கூண்டுக்குள் போய், ஆணியிலிருந்து கயிற்றை எடுத்து டீமேக்கர் கையில் கொடுத்தார். செயலாளர் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

கதை இங்கே நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். டீமேக்கர் இழுத்தார். மூன்று மணி பழையபடி வந்தது. நான்காவதில் தடுமாறியது. ஐந்தாவது வரவில்லை. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

வாரா வாரம் இழுத்துக்கொண்டிருந்தவரைக்கும் அந்தத் தோள் தன் வயதை மறந்திருந்தது. ஐந்து மாதம் சும்மா இருக்க வைத்தோம். அதற்கு ஞாபகம் வந்துவிட்டது. துணிக்கயிறு போதவில்லை. டாக்டர் எண்ணெயும் பயிற்சியும் சொன்னார். பயன் கொஞ்சம்தான். எல்லோர் முன்னாலும் தவறை ஒப்புக்கொண்டால் எல்லாம் திரும்பி வரும் என்று விடுதியில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கயிறு திரும்பி வந்தது. தோள் வரவில்லை.

இப்போது மணியை இரண்டு பேர் இழுக்கிறோம். முதல் மூன்று அவர். நான்காவதிலிருந்து கயிற்றில் அவர் கைக்குக் கீழே என் கை.

"இழுக்காதீங்க, உடுங்க… உடுங்கங்கறேன்! பூகோளம் படிச்ச கை ஒரு கயித்த உடத் தெரியாதா?"

"விட்டேனே."

"லேட்டு. கருகிப்போச்சு."

கீழே காரட் தோட்டத்தில் மறுபடி டீ குடிக்க உட்காருகிறார்கள். நான்காவது மணிக்குப் பிறகு சத்தம் கொஞ்சம் பிசகுவதை அவர்களும் கவனித்திருப்பார்கள். ஒருவர் போதகரிடம், "ஏனுங்க, மணி நொண்டுதுங்களே" என்று கேட்டாராம்.

படியேறுவது அவருக்கு இப்போது சிரமமாக இருக்கிறது. ஒரு மாதமாகச் சாய்தளத்தில்தான் வருகிறார், என் தோளைப் பிடித்துக்கொண்டு. அச்சு இருக்கும் இடத்துக்கு வந்ததும் நின்று, தன் வலது காலை அதற்குள் வைத்துப் பார்ப்பார். போட்டிருப்பது வேறு கம்பெனி. ஓரம் கொஞ்சம் இடிக்கும்.

"எட்டுதானுங்களே வாத்தியாரே?" என்பார், ஒவ்வொரு வாரமும், சபை முழுக்கக் கேட்கும்படி.

"எட்டுதானுங்க" என்பேன்.

பிறகு மணி அடிக்கப் போவோம்.